கையில் இருக்கும் பிளேயரிலும் இயர்போனிலும் நல்ல ஒலி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

மதுரையிலிருந்து திருமங்கலத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். வழியெல்லாம் பாட்டுத்தான். அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்திலும் தெருவிலும் பலர் தங்கள் பிளேயரையும் இயர்போனையும் என்னிடம் நீட்டி, "ஏதோ குறைகிறது, என்னவென்று பாருங்கள்" என்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஒலியைக் கெடுக்கும் பெரிய காரணங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன: ஒன்று காதின் வாசல், மற்றொன்று பாட்டுக் கோப்பு. ஆனால் எல்லோரும் பணத்தை இறக்குவது இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கருவியில்.

சென்ற ஆண்டு அலுவலகத் தோழர் ஒருவர், பழைய இயர்போனில் பேஸ், அதாவது அடித்தொனி, இல்லை என்று சொல்லி 3,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் பேஸ் இல்லை. இரண்டையும் நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் இருந்த ரப்பர் முனை அவர் காதுக்குச் சிறியது. பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த பெரிய முனையை மாட்டியதும் பழையதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாதவை முன்னால் இருக்கின்றன, செலவு பின்னால் வருகிறது. முன்படியில் இருக்கும் தவறைத் திருத்தாமல் பின்படிக்குப் போனால், அங்கே செய்யும் எல்லாத் தீர்மானமும் தவறான அடித்தளத்தில் நிற்கும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிளேயர் அல்லது போன், இயர்போன், அதோடு வந்த எல்லா அளவு ரப்பர் முனைகள், குழந்தைகளுக்கான மென்மையான புதிய பல் பிரஷ் ஒன்று, உலர்ந்த பருத்தித் துணி, ஒரு தாள், பேனா. கோப்புகளைச் சோதிக்க ஒரு கணினி கிடைத்தால் நல்லது.

இவற்றைவிட முக்கியம் அமைதியான ஒரு மணி நேரம். எங்கள் தெருவில் அது விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கிடைக்கும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். விசிறி இரைச்சலில் நுணுக்கமான வேறுபாடுகள் கரைந்துபோகும்.

பிறகு ஐந்து பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். தம்புரா சுருதி மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்று, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று, பெண் குரலில் ஒரு பாடல், நாகசுவரமும் தவிலும் சேர்ந்த பதிவு ஒன்று. ஐந்தாவது, பல வருடங்களாகக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமான திரைப்பாடல். ஒவ்வொன்றும் ஒரு குறையைக் காட்டிக் கொடுக்கும். மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பி அடித்தொனியைச் சொல்லும். பெண் குரலின் "ச", "ஸ" ஒலிகள் மேல்தொனி சீறுகிறதா என்று சொல்லும். நாகசுவரம் காதைக் குத்தினால் நடுத்தொனிக்கு மேலே ஏதோ எகிறி நிற்கிறது என்று பொருள். கடைகளில் சோதனைக்குப் போட்டுக் காட்டும் ஆங்கில நடனப் பாடல் இவற்றில் எதையும் உங்களுக்குச் சொல்லாது.

இரண்டு விதிகளைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும். சற்றுக் கூடுதல் சத்தத்தில் கேட்பது எதுவும் நம் காதுக்கு மேலானதாகத் தோன்றும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2. பழுது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஒரு நாள் அக்கா மகன் ஓடிவந்தான். "மாமா, பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போய்விட்டது. வாத்தியமெல்லாம் தூரத்தில் கேட்கிறது." பிளக்கை வெளியே எடுத்து, அழுத்திச் சொருகினேன். குரல் திரும்பி வந்தது. பிளக் முழுவதும் உள்ளே போகாவிட்டால் இரு காதுக்கும் பொதுவான பூமிக் கம்பியின் தொடர்பு விட்டுப்போகும். அப்போது இடம், வலம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். குரல் இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது கழிந்துவிடுகிறது. இந்தக் குறையைக் கண்டால் இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிளக் உள்ளே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் துளைக்குள் சேர்ந்த சட்டைப் பைப் பஞ்சு. பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெதுவாக வெளியே எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்துவிடும். போனுக்குத் தடித்த உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒரு முறை சொருகிப் பாருங்கள்.

அடுத்து தம்புராப் பதிவைப் போடுங்கள். சுருதி தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் போன் அமைப்பில் "அணுகல்தன்மை" பகுதிக்குப் போய் இடவல சமநிலை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் மோனோ ஆடியோ (இரு காதிலும் ஒரே ஒலி) தவறுதலாக இயங்கியிருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக் கேளுங்கள். மங்கல் இயர்போனோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குறை காதில் இல்லை, பெரும்பாலும் இயர்போனில். மங்கல் அதே காதில் தங்கிவிட்டால் குறை காதில். பெரும்பாலும் மெழுகு அடைப்பு. அதைக் காது மருத்துவரிடம் காட்டுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை விட்டால் மெழுகு இன்னும் உள்ளே போகும்.

குறை இயர்போனில் என்றால் ரப்பர் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கேயும் மெழுகு படிந்திருக்கும். குழாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு உலர்ந்த பிரஷால் தேய்த்தால் தூள் கீழே உதிரும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அந்தத் தூள் உள்ளே விழுந்து நிலைமை மோசமாகும். வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது.

சார்ஜரில் போட்டுக்கொண்டே கேட்கும்போது மட்டும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் அது சார்ஜரின் கோளாறு. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகள், அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. அவற்றில் இடவலப் பிரிவு கேட்கவில்லை என்பது பழுதில்லை. பதிவே அப்படித்தான்.

3. காதில் சரியாகப் பொருத்துங்கள்

இந்தப் படியில் அரை மணி நேரம் செலவழியுங்கள். எனக்குத் தெரிந்தவரை செலவில்லாமல் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் படி வேறு இல்லை.

காதுக்குள் போகும் இயர்போனில் அடித்தொனி வர, முனைக்கும் காதுக் குழாயின் சுவருக்கும் நடுவே காற்று புக இடமிருக்கக் கூடாது. சின்ன இடுக்கு இருந்தாலும் போதும், அடித்தொனி அந்த வழியாக வெளியே போய்விடும். மேல்தொனி மட்டும் தங்கும். அதைத்தான் "தகரம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள்.

பெரும்பாலோர் பெட்டியிலிருந்து எடுத்தபோது மாட்டியிருந்த நடு அளவையே காலமெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அப்படி விடாதீர்கள். பெரிய அளவில் தொடங்கிச் சிறியதை நோக்கி வாருங்கள். வலிக்காமல் தங்கும் மிகப் பெரிய அளவுதான் உங்களுடையது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு இடக் காதுக்குப் பெரியது, வலக் காதுக்கு நடு அளவு.

மாட்டும் முறையும் உண்டு. வலக் காதில் மாட்டும்போது இடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, வலக் காது மடலை மேலே, சற்றுப் பின்னால் இழுங்கள். காதுக் குழாய் அப்போது நேராகும். முனையைச் சிறிது திருகியபடி உள்ளே விட்டு, பிறகு மடலை விடுங்கள். நுரை முனையாக இருந்தால் விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லியதாக்கி, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் அது பாதியிலேயே வெளியே வந்து நிற்கும்.

சரியாகப் பொருந்திவிட்டதா என்று அறிய, பாட்டைப் போடாமல் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கினால் அடைப்பு சரி. பிறகு மிருதங்கப் பதிவைப் போடுங்கள். தொப்பியின் "தொம்" வயிற்றுப் பக்கமிருந்து வருவதுபோல் இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே விரலால் இயர்போனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது "தொம்" திடீரென்று பெரிதானால் இன்னும் இடுக்கு இருக்கிறது, அளவை மாற்றுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு தொல்லை. வியர்வையில் சிலிகான் முனை வழுக்கிக்கொண்டே இருக்கும். காலையில் நன்றாக இருந்த ஒலி மதியம் கெட்டுவிட்டது என்பவர்கள் முதலில் காதையும் முனையையும் துணியால் துடைத்துவிட்டு மாட்டட்டும். நுரை முனை வழுக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சுவதால் சில மாதங்களில் விறைத்துவிடும், அதை மாற்ற வேண்டும்.

காதைச் சுற்றி மூடும் ஹெட்போனிலும் இதே கதைதான். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். காம்பைச் சற்று மேலே உயர்த்தி வைத்துக் கேட்டுப் பாருங்கள். மெத்தையின் தோல் உரிந்து உதிரத் தொடங்கியிருந்தால் மெத்தையை மட்டும் புதிதாக வாங்கி மாட்டலாம். அதே மாடலுக்கான மெத்தையாக இருக்க வேண்டும். தடிமன் மாறினால் ஒலியும் மாறும்.

4. பாட்டுக் கோப்பைச் சோதியுங்கள்

பொருத்தம் சரியான பிறகுதான் கோப்பின் தரத்தைக் காதால் மதிப்பிட முடியும். அதனால்தான் இது நான்காவது.

எம்பி3 கோப்பின் தரத்தை ஒரு நொடிக்கு எத்தனை கிலோபிட் என்று சொல்வார்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 128 கிலோபிட்டில் ஏறக்குறைய 4 எம்பி, 320 கிலோபிட்டில் 10 எம்பிக்குச் சற்றுக் குறைவு. அதே பாட்டு சிடியில் சுருக்கப்படாமல் 42 எம்பி. 128 கிலோபிட்டில் எதை இழக்கிறோம் என்று கேட்க, நாகசுவரப் பதிவில் தாளம் போடுகிறவரின் கையில் இருக்கும் வெண்கலத் தாளத்தைக் கவனியுங்கள். நல்ல கோப்பில் வெண்கலம் "டிங்" என்று தட்டி, நீண்டு, அடங்கும். மட்டமான கோப்பில் அது தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் இருக்கும். கடத்தின் தட்டலுக்கு முன்னால் மெல்லிய பூச்சு போன்ற ஓசை கேட்கும். தட்டலின் கூர்மை மழுங்கியிருக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 128 கிலோபிட் கோப்பை ஒரு மென்பொருளில் போட்டு 320 ஆக மாற்றுவது. போனது போனதுதான். கோப்பின் அளவு மட்டும் பெருகும். அதோடு இரண்டாவது முறை சுருக்கியதால் இன்னும் கொஞ்சம் கெடும். காணொளித் தளத்திலிருந்து இறக்கி "320" என்று பெயர் போட்டுத் தரும் இணையதளங்கள் செய்வதும் இதைத்தான். பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

உண்மையைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, கோப்பை அதில் இழுத்துப் போடுங்கள். பாட்டின் அலைவரிசைகள் வண்ணப் படமாக விரியும். 128 கிலோபிட்டிலிருந்து வந்த கோப்பில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் கருமையாக இருக்கும். உண்மையான 320 ஆனால் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே வரை ஏறும். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிவில் மேல்பகுதி இயல்பாகவே மங்கி இருக்கும். அது படிப்படியாக மங்கும், வெட்டுப்போல் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நல்ல கோப்புக்கு இரண்டு வழிகள். வீட்டில் பழைய சிடிக்கள் இருந்தால் அவை புதையல். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், கீறல் விழுந்த சிடியையும் திரும்பத் திரும்பப் படித்து, தவறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். அது எதையும் இழக்காமல், சிடியின் அளவில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் இடத்தில் அடங்கும். ஃப்ளாக்கைக் கணினியில் மூலமாக வைத்துக்கொண்டு, பிளேயருக்கு அதிலிருந்து 320 எம்பி3 எடுத்துப் போடுங்கள். பஸ்ஸில் இரண்டுக்கும் வேறுபாடு கேட்காது. அமைதியான அறையிலும் எனக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. மூலம் கையில் இருந்தால் நாளைக்கு எந்த வடிவத்துக்கும் மாற்றலாம் என்பதே ஃப்ளாக்கின் பயன்.

இன்னொரு வழி, கட்டணப் பாட்டுச் செயலி. அதன் அமைப்புக்குள் போய் ஒலித்தரத்தை உயர்ந்ததாக மாற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் சாதாரணத் தரம் 96 கிலோபிட். மிக உயர்ந்தது என்று குறித்திருப்பது 320. நேரடியாகக் கேட்பதற்கு ஓர் அமைப்பு, பதிவிறக்கத்துக்குத் தனி அமைப்பு. இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். டேட்டா சேமிப்பு முறை இயங்கினால் அதையும் நிறுத்துங்கள்.

பதிப்பையும் பாருங்கள். பழைய பாடல்களுக்கு மேல் புதிய டிரம்ஸ் சேர்த்தும், சத்தத்தை அழுத்தி உயர்த்தியும் வெளியிட்ட பதிப்புகள் நிறைய உலவுகின்றன. கிலோபிட் எவ்வளவு இருந்தாலும் அவை காதைச் சோர்வடையச் செய்யும். தேடி மூலப் பதிப்பை எடுங்கள். அதன் சத்தம் குறைவாக இருக்கும், பிளேயரில் கூட்டிக்கொள்ளலாம்.

மாசி வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது போனில் பதிவு செய்த நாகசுவரம், தவில் பலரிடம் இருக்கும். பக்கத்தில் நின்று எடுத்ததால் ஒலி மைக்கின் எல்லையைத் தாண்டி உடைந்திருக்கும். அந்த உடைசலை எந்த இயர்போனும் சரிசெய்யாது. அதைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

5. மெமரி கார்டு

நடைபாதையில் மலிவாக விற்கும் 256 ஜிபி கார்டுகளில் போலிகள் உண்டு. உள்ளே உண்மையில் 8 அல்லது 16 ஜிபிதான் இருக்கும். அதற்கு மேல் போடும் பாட்டுகள் விட்டுவிட்டு ஒலிக்கும், "கிர்ர்" என்று கத்தும். நம்மவர்கள் பிளேயரைக் குறை சொல்வார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, படித்து, உண்மை அளவைச் சொல்லும். கார்டு வாங்கிய அன்றே, பாட்டுப் போடும் முன் செய்யுங்கள். 32 ஜிபி கார்டிலேயே 320 கிலோபிட் பாட்டுகள் மூவாயிரத்துக்கு மேல் அடங்கும். பெரிய கார்டு அவசியமா என்றும் யோசியுங்கள்.

6. பிளேயரின் அமைப்புகளை வெறுமையாக்குங்கள்

பேஸ் பூஸ்ட், முப்பரிமாண ஒலி, கச்சேரி மண்டபம், "ராக்", "பாப்" என்ற ஆயத்த ஈக்வலைசர்கள் (தொனிகளைப் பட்டை பட்டையாக ஏற்றி இறக்கும் அமைப்புகள்) எல்லாவற்றையும் அணையுங்கள். போனில் ஒன்று, பாட்டுச் செயலியில் ஒன்று, இயர்போன் நிறுவனத்தின் செயலியில் ஒன்று என மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும். மூன்றிலும் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் அடித்தொனி வீங்கி, உச்சத்தில் ஒலி உடையும். பிறகு நாம் செய்யப்போகும் திருத்தம் எதன் மேல் நிற்கிறது என்றே தெரியாது.

பிளேயரில் கெயின் என்று குறைவு, அதிகம் இரண்டு நிலை இருந்தால் இயர்போனுக்குக் குறைவு. அதிகத்தில் வைத்தால் பாட்டு இல்லாத இடத்தில் "ஸ்ஸ்" என்ற பின்னணி இரைச்சல் கேட்கும்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குவதைத் தடுக்க ரீப்ளேகெயின் அல்லது ஒலியளவுச் சமன் இருந்தால் அதை மட்டும் இயக்குங்கள். 1965 பாட்டுக்கும் இந்த ஆண்டுப் பாட்டுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் கையை வைக்க வேண்டியிருக்காது.

புளூடூத் இயர்போனாக இருந்தால், போனின் புளூடூத் பட்டியலில் அந்தக் கருவியின் பக்கத்துக்குப் போய், ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஏஏசி, ஏபிடிஎக்ஸ், எல்டாக் போன்ற குறிமுறை எது இயங்குகிறது என்று பாருங்கள். போனும் இயர்போனும் இரண்டும் ஆதரித்தால்தான் ஒன்று இயங்கும். ஐபோனில் ஏஏசிதான். எல்டாக் 990 கிலோபிட் வரை போகும். ஆனால் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் போன்ற கூட்டத்தில் ஆயிரம் போன்களின் அலைகளுக்கு நடுவே அது விட்டுவிட்டு ஒலிக்கும். அங்கே தரத்தை ஒரு படி இறக்கிவிட்டால் ஓட்டம் சீராகும். போனைப் பின் பாக்கெட்டில் வைத்தாலும் விட்டுப்போகும், ஏனெனில் புளூடூத் அலையை உடல் தடுக்கிறது. மடிக்கணினியில் இணைத்துவிட்டு, ஒலி பழைய தொலைபேசி மாதிரி இருக்கிறது என்பவர்கள் ஒலி வெளியீட்டில் "ஹேண்ட்ஸ்ஃப்ரீ" தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, "ஸ்டீரியோ"வுக்கு மாற்றுங்கள்.

7. ஈக்வலைசர்: குறைப்பதில் தொடங்குங்கள்

இதுவரை வந்த படிகளில் குறை தீர்ந்துவிட்டால் இதைத் தொட வேண்டாம். ஏதோ ஒன்று இன்னும் உறுத்துகிறது, அது எது என்று வாயால் சொல்ல முடிகிறது என்றால் மட்டும் உள்ளே வாருங்கள்.

எங்கே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் (அடிப்படை "ச") சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்திரப் பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196. ஆகவே குரலுக்குக் கனம் வேண்டும் என்று 60 ஹெர்ட்ஸ் பட்டையை ஏற்றுகிறவர்கள் குரலைத் தொடவே இல்லை. பஸ் உறுமலுக்குத் துணை சேர்க்கிறார்கள். குரலின் கனம் 150 முதல் 300 வரை. அங்கே அதிகமானால் போர்வைக்குள் பாடுவதுபோல் ஆகும். சொற்களின் தெளிவு 1,000 முதல் 4,000 வரை. "ஸ" சீறுவது 5,000 முதல் 8,000 வரை.

பட்டையை ஏற்றுவதற்கு முன், ஈக்வலைசரில் "ப்ரீஆம்ப்" என்று இருக்கும் முன்னொலி அளவைக் குறைக்க வேண்டும். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. இன்றைய பாடல்கள் அந்தக் கூரையை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கின்றன. 6 டெசிபெல் ஏற்றினால் தலை முட்டி உடையும். எந்தப் பட்டையை அதிகபட்சம் எவ்வளவு ஏற்றினீர்களோ, அவ்வளவு முன்னொலியை இறக்குங்கள். 6 ஏற்றினால் மைனஸ் 6. மொத்தச் சத்தம் குறையும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் "ஈக்வலைசர் போட்டால் பாட்டு கிழிகிறது" என்கிறார்கள்.

அதைவிட எளிய வழி, ஏற்றாமல் இறக்குவது. பேஸ் போதவில்லை என்று தோன்றினால், முதலில் உறுத்துகிற மேல்தொனியை 3 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். மேலே கூச்சல் அடங்கினால் கீழே இருப்பது தானாகக் கேட்கும். நாகசுவரப் பதிவில் காது கூசுகிறதா? 3,000 ஹெர்ட்ஸ் பட்டையை இரண்டு டெசிபெல் இறக்குங்கள். பெண் குரல் சீறுகிறதா? 6,000 முதல் 8,000 வரை இரண்டு, மூன்று. ஒரு பட்டையை மாற்றி, ஒரு முழுப் பாட்டைக் கேட்டு, தாளில் எழுதி, பிறகே அடுத்தது. பத்துப் பட்டைகளையும் மலைத்தொடர்போல் ஏற்றி இறக்கி வைத்த ஈக்வலைசர் எதிலும் நல்ல ஒலி வந்து நான் கேட்டதில்லை.

கையால் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆட்டோஇக்யூ என்ற திறந்த திட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இயர்போன், ஹெட்போன் மாடல்களைப் பலர் அளந்து வெளியிட்ட முடிவுகளைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தேவையான திருத்தத்தை இலவசமாகத் தருகிறது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலி அதைப் பயன்படுத்துகிறது. மாடல் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். அளந்த கருவியின் காதும் உங்கள் காதும் ஒன்றல்ல. 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முனை எவ்வளவு ஆழம் போகிறது என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

முடித்த பிறகு மூன்று நாட்கள் கேளுங்கள். பிறகு ஈக்வலைசரை அணைத்துவிட்டு, சத்தத்தைச் சமப்படுத்திக் கேளுங்கள். அணைத்தபோது நிம்மதியாக இருந்தால் அணைத்தே விடுங்கள்.

8. பஸ் இரைச்சலை வால்யூமால் வெல்லாதீர்கள்

பஸ் எஞ்சினின் உறுமல் முழுக்கக் கீழ்த்தொனி. அது பாட்டின் கீழ்த்தொனியை விழுங்கிவிடும். உடனே கை வால்யூமுக்குப் போகும். கீழே இழந்ததை மீட்கப் போய், மேல்தொனியைக் காது தாங்காத அளவுக்கு ஏற்றிவிடுவோம்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 டெசிபெல்லில் 20 மணி, 86இல் 10 மணி. குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்தான். காதுக்குள் இருக்கும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. இதை நான் சும்மா எழுதவில்லை. பாட்டு கேட்டு முடித்ததும் காதில் "ஙொய்" என்று கேட்கிறது என்று சொல்லும் கல்லூரிப் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அது எச்சரிக்கை. அன்றே சத்தத்தைக் குறையுங்கள்.

செய்ய வேண்டியது இது. வீட்டில் அமைதியான அறையில் வசதியாகக் கேட்கும் வால்யூம் எண்ணைத் தாளில் குறியுங்கள். பஸ்ஸில் அதற்கு மேல் ஓரிரு படிதான் ஏறலாம். அதற்குள் பாட்டு கேட்கவில்லை என்றால் தடுப்பு போதவில்லை என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் முனையை மாற்றுங்கள், அல்லது நுரை முனைக்குப் போங்கள். முனைகள் மேல்தொனி இரைச்சலை நன்றாகத் தடுக்கும். எஞ்சின் உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. உறுமலுக்கு மின்னணு இரைச்சல் நீக்கம் உள்ள இயர்போன்தான் பொருத்தம், அது கீழ்த்தொனியில் திறமையாக வேலை செய்யும். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்கு அந்தச் செலவு நியாயமானது. இரு சக்கர வாகனம் ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளாதீர்கள்.

9. இனி வாங்கலாம்: இயர்போன் முதலில், பெருக்கி கடைசியில்

எட்டுப் படிகளையும் முடித்த பிறகும் குறை தெரிந்தால் இயர்போனை மாற்றுங்கள். பிளேயரை மாற்றுவதைவிட இயர்போனை மாற்றுவதில்தான் ஒலி பெரிதாக மாறும். கம்பியோடு வரும் இயர்போன்களில் இன்று 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் மிக நல்லவை கிடைக்கின்றன. அதே விலையில் புளூடூத் வாங்கினால் மின்கலத்துக்கும் சில்லுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

டவுன்ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ வாங்கப் போனால் உங்கள் பிளேயரையும் ஐந்து பதிவுகளையும் கொண்டுபோங்கள். கடைத்தெரு இரைச்சலில் ஐந்து நிமிடம் கேட்டு பேஸின் தரத்தை முடிவு செய்ய முடியாது. குரல் இயல்பாக இருக்கிறதா, காது வலிக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டி சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் அது போலி. அப்படி ஒன்றை நானும் ஒரு கடையில் வாங்கியிருக்கிறேன். எழுத்து, பெட்டி, பை எல்லாம் அசல்போல் இருந்தன. தம்புராப் பதிவில் இடது பக்கம் ஒரு தொனி, வலது பக்கம் ஒரு தொனி.

போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாவிட்டால் டைப்-சி இணைப்பான் வாங்க வேண்டும். உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பி மட்டும் உள்ளவை பல போன்களில் வேலையே செய்யாது.

பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) யாருக்கு வேண்டும்? ஹெட்போன் பெட்டியில் ஓம் என்று ஓர் எண் இருக்கும். அது மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு. 16, 32 ஓம் இயர்போன்களைப் போனே நன்றாக இயக்கும். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓமில் 31 மில்லிவாட் கிடைக்கும்; அதே வோல்ட் 300 ஓமில் 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான். அத்தகைய ஹெட்போன் வைத்திருந்து, வால்யூமை முழுவதும் ஏற்றியும் சத்தம் போதவில்லை என்றால் பெருக்கி வாங்குங்கள். மற்றவர்களுக்கு அது வீண் செலவு. பிளேயர் வாங்கும்போது அதன் வெளியீட்டு மின்மறுப்பு உங்கள் இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்: 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். அதற்கு மேல் போனால் சில இயர்போன்களின் தொனியே மாறிவிடும்.

வெள்ளிக் கம்பி, தங்க முலாம் என்று ஆயிரக்கணக்கில் விற்கும் கேபிள்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேபிள் அறுந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான். "நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறக்கும்" என்பதில் பெரும்பகுதி நம் காது பழகிக்கொள்வதுதான். முதல் நாளே பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்.

10. இந்த ஊர் வெயிலில் காப்பாற்றுவது

பிளேயரை வண்டியின் சீட்டுக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள். லித்தியம் மின்கலம் வெப்பத்தில் சீக்கிரம் சாகும். சுற்றும்போது கேபிளைப் பிளேயரைச் சுற்றி இறுக்காதீர்கள். பிளக்கின் கழுத்தில்தான் முதலில் அறும். தளர்வாக வளையமாகச் சுற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வியர்வையைத் துடைத்து, ரப்பர் முனைகளைக் கழற்றி, வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைச் சிறிய மூடியுள்ள டப்பாவில் போட்டு, இரவில் இயர்போனை அதற்குள் வையுங்கள். ஐப்பசி மழைக் காலத்தில் இது கட்டாயம்.